மான்கொம்பில் கீற்று எடுப்பது எப்படி?

தமிழில் மாட்டின் தலையில் இருப்பதும் கொம்பு, மானின் தலையில் இருப்பதும் கொம்பு, தேன்கூடு தொங்கும் மரக்கிளையும் கொம்பு. பேச்சுக்கு இது போதும். கற்கால மனிதர் கொம்பில் கருவி செய்த விதத்தைப் பார்க்க உட்கார்ந்தால் போதாது. மாட்டுக்கொம்பு என்பது ஓர் எலும்புக் கட்டையும் அதன்மேல் மூடிய உறையும். உறை கெரட்டின், அதாவது நம் நகம் எதனால் ஆனதோ அது. ஆயுள் முழுக்க வளரும், உதிராது. பெயரில் மான் இருந்தாலும் வெளிமானின் முறுக்குக் கொம்பும் இந்த வகைதான். மிளா, புள்ளிமான், ஐரோப்பாவின் செம்மான் ஆகியவற்றின் கொம்போ உறையே இல்லாத முழு எலும்பு. ஆண்டுக்கு ஒருமுறை முளைத்து, கிளைவிட்டு, இறுகி, உதிர்ந்துவிடும். ஒப்பிடுவதென்றால் மரக்கொம்போடு ஒப்பிடலாம். இந்தப் பதிவு இந்தக் கிளைக்கொம்பைப் பற்றி மட்டும்.

எடுத்துக்கொள்ளும் இடம் ஸ்டார் கார். வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஸ்கார்பரோ ஊருக்குத் தெற்கே, இப்போது தூர்ந்து கரிச்சேறாகிவிட்ட ஒரு பழைய ஏரியின் கரை. பனியுகம் முடிந்து, காடு மீண்டும் தலையெடுத்த காலத்தில், கி.மு. 9300 வாக்கில் தொடங்கிச் சுமார் 800 ஆண்டுகள் வேட்டைக்குழுக்கள் இங்கே வந்து போயிருக்கின்றன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த தொல்லியலாளர் கிரஹாம் கிளார்க் 1949 முதல் 1951 வரை தோண்டியபோது, செம்மான் கொம்பில் செய்த முள்முனைகள் 191 கிடைத்தன. ஒரு பக்க விளிம்பில் பின்னோக்கிச் சாய்ந்த பற்கள் வெட்டிய ஈட்டிமுனைகள் இவை. இந்தக் காலத்தைச் சேர்ந்ததாக பிரிட்டனில் கிடைத்திருக்கும் முள்முனைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இந்த ஓரிடத்தில் கிடைத்தவை. அதைவிட முக்கியம், அவற்றைச் செய்து முடித்தபின் எஞ்சிய கொம்புத் தண்டுகளும் அங்கேயே கிடந்தன. முடிந்த பொருள் அழகாக இருக்கும். செய்த விதத்தைச் சொல்வது கழிவுதான்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். எலும்பு இரண்டு சரக்குகளின் கலவை. ஒன்று கால்சியம் பாஸ்பேட் வகைத் தாது. அது கெட்டித்தன்மை தருகிறது. இன்னொன்று கொல்லாஜன் என்ற நார்ப்புரதம். அது உடையாமல் வளையவிடுகிறது. கோழி எலும்பை வினிகரில் நாலைந்து நாள் போட்டுவைத்தால் தாது கரைந்து ரப்பர் போல வளையும். அதே எலும்பை அடுப்பில் சுட்டால் நார் எரிந்து, வெள்ளைச் சுண்ணாம்பு போல விரலில் நொறுங்கும். மான்கொம்பில் சாதாரண எலும்பைவிடத் தாது குறைவு, நார் கூடுதல். இணைசேரும் பருவத்தில் ஆண் மான்கள் இதை வைத்துத்தான் முட்டி மோதுகின்றன. அந்த மோதலைத் தாங்கவேண்டிய பொருள் அது. அதனால் கொம்புமுனை, எலும்புமுனையைவிடக் கொஞ்சம் மென்மை, ஆனால் அடிபட்டால் சட்டென்று உடையாது. எறிந்து எறிந்து மீட்கவேண்டிய ஈட்டிக்கு இது பொருத்தமான குணம்.

குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு அடுக்கு தெரியும். வெளியே கெட்டியான சுவர். செம்மானின் நடுத்தண்டில் ஏறக்குறைய 5 முதல் 8 மில்லிமீட்டர் கனம். உள்ளே கடற்பஞ்சு போலத் துளைத்துளையான பகுதி. கருவியாகக்கூடியது சுவர் மட்டும். அடிப்பகுதியில் சுவர் கனம். மேலே கிளைகள் பிரியும் இடத்தில் மெலிந்து, குறுக்கும் நெடுக்குமாக நார் ஓடும். ஆகவே நீளமான முனைக்கு ஏற்றது, அடிக்குமிழுக்கு மேலே தொடங்கி உச்சிக் கிளைகளுக்குக் கீழே முடியும் நடுத்தண்டு. ஒரு கொம்பு முழுதாக 70 செ.மீ. இருந்தாலும் வேலைக்கு ஆவது அதில் பாதி.

எந்தக் கொம்பு? ஆண் செம்மான், மார்ச்–ஏப்ரல் வாக்கில் கொம்பை உதிர்க்கும். உடனே புதிது முளைத்து, மென்மயிர்த் தோல் போர்த்து, ஜூலை–ஆகஸ்டில் முழு வளர்ச்சி அடையும். தோல் போர்த்தியிருக்கும்போது உள்ளே இரத்தம் ஓடும், கொம்பு மிருதுவாக இருக்கும், எதற்கும் உதவாது. தோலை மரத்தில் தேய்த்து உரித்தபின் இறுகியது மட்டுமே பயன்படும். உதிர்ந்ததைப் பொறுக்கலாம் அல்லது கொன்ற விலங்கின் மண்டையிலிருந்து வெட்டலாம். ஸ்டார் காரில் இரண்டும் உண்டு. பிரித்தறிவது சுலபம்: உதிர்ந்ததன் அடி உப்பலாக, சொரசொரப்பாக முடியும்; வெட்டியதில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருக்கும். பொறுக்குவதில் ஒரு அவசரம் உண்டு. தாதுச்சத்துக்காக மான்களே உதிர்ந்த கொம்பைக் கடிக்கும், எலிகள் கொறிக்கும், வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டால் நெடுக விரிசல் விடும். ஒரு வருடம் காட்டில் கிடந்த கொம்பில் நேராக ஒரு கீற்று எடுப்பது கடினம்.

இந்தப் பருவக்கணக்கை வைத்து மனிதர் எப்போது அங்கே தங்கினார்கள் என்று கணக்கிடப் போய் ஆய்வாளர்கள் வழுக்கியதும் உண்டு. மண்டையோடு சேர்ந்த கொம்புகளைப் பார்த்து, குளிர்காலத் தங்கல் என்றார் கிளார்க். பின்னால் விலங்குகளின் பற்களை ஆராய்ந்தவர்கள் கோடைக்கான சான்று காட்டினார்கள். கொம்பு என்பது எடுத்துவைத்துப் பல மாதம் கழித்துப் பயன்படுத்தக்கூடிய கச்சாப்பொருள். விறகுக்கட்டை கிடப்பதை வைத்து மரம் வெட்டிய மாதத்தைச் சொல்ல முடியாது.

இனி வேலை. முதலில் கிளைகளையும் உச்சியையும் நீக்க வேண்டும். ஒரே வெட்டில் துண்டிக்க நினைத்தால் கல்லின் வாய்தான் போகும். சுற்றிலும் வளையமாக, கெட்டிச் சுவர் தீரும்வரை கொத்தியோ அறுத்தோ பள்ளமிட்டு, பிறகு ஒடிக்க வேண்டும். உள்ளிருக்கும் பஞ்சுப்பகுதி தானாகப் பிய்ந்துவரும். பள்ளம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால், ஒடியும்போது மறுபக்கச் சுவர் நெடுகக் கிழிந்து தண்டையும் கெடுக்கும். வளையம் முழுதாகச் சுற்றிவர வேண்டியது அதனால்தான்.

அடுத்து தண்ணீர். காய்ந்த கொம்பைக் கல்லால் சுரண்டினால் தூள்தான் வரும். ஊறிய கொம்பில் சுருள் வரும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு நாள் என்பது குறைந்தபட்சம், ஒரு வாரம் என்றால் வேலை சுகம். கிளைகளை வெட்டிய பிறகே ஊறப்போட வேண்டும். திறந்த முனைகளின் பஞ்சுப்பகுதி வழியாகத் தண்ணீர் உள்ளிருந்தும் ஏறும். வெளிப்பரப்பு மட்டும் நனைந்தால் மேலே கொஞ்சம் சுலபமாகப் போய், பிறகு மறுபடி தூள் வரத் தொடங்கும். அந்த இடத்தில் பலம் கூட்டாமல் திரும்ப ஊறப்போடுவதே புத்திசாலித்தனம். ஏரிக்கரையில் வேலை செய்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஊறவைப்பதற்குப் பதில் கொதிக்கவைத்தால் என்ன என்று கேட்பார்கள். சற்று நேரம் சுடுநீரில் வைத்தால் மெல்ல மிருதுவாகும், உண்மை. மணிக்கணக்காகக் கொதித்தால் கொல்லாஜன் ஜெலட்டினாகி வெளியே வந்துவிடும். ஆட்டுக்கால் சூப் பிசுபிசுப்பாக இருப்பதும், ஆறினால் கட்டிக்கொள்வதும் அந்த ஜெலட்டினால்தான். சூப்புக்கு நல்லது, கருவிக்குக் கேடு: காய்ந்தபின் கொம்பு பொருக்குப் பொருக்காக உடையும். புளிப்புக் கீரைச் சாறு போன்ற அமிலத்தில் ஊறவைப்பதையும் சோதனைகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். சீக்கிரம் மிருதுவாகும், ஆனால் போவது தாது. வெறும் தண்ணீரில் ஊறியதோ காய்ந்ததும் பழைய கெட்டிக்குத் திரும்பிவிடும். எனக்கு இதைவிடச் சிறந்த வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

இப்போது கருவி. கோடு கீறுவதற்கு முதன்மையானது பியூரின் என்று தொல்லியலார் சொல்லும் சிக்கிமுக்கிக்கல் உளி. நீளமான கல் தகடு ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஒடித்து, ஒடித்த மூலையில் விளிம்போடு சேர்த்து ஒரு தட்டு தட்டினால் விளிம்பு நெடுகக் குச்சி போல ஒரு சில்லு பறக்கும். தகட்டின் மூலையில் இப்போது கனமான, ஏறக்குறைய செங்கோணமான உளிவாய் நிற்கும். சவர பிளேடு போன்ற சாதாரணக் கல் விளிம்பு கொம்பில் பட்டதும் பல்பல்லாகச் சிதறும். பியூரினின் வாய்க்குப் பின்னால் தகட்டின் முழு அகலமும் முட்டுக்கொடுக்கிறது, அதனால் தாங்கும். மழுங்கினால் இன்னொரு சில்லு, புதிய வாய். ஒரு கொம்பு வேலை முடிவதற்குள் பல பியூரின்கள் தேய்ந்து தீரும். அந்தத் தட்டைத் தட்டுவதற்கு வாகான சுத்தியல்களில் ஒன்று மான்கொம்பின் அடிக்குமிழே. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கொம்புச் சுத்தியல் கிடைத்திருக்கிறது. அதில் சிக்கிமுக்கிக்கல் துணுக்குகள் குத்தி நின்றன. கொம்பால் கல்லை உடைத்து அந்தக் கல்லால் கொம்பை அறுப்பது, முள்ளை முள்ளால் எடுக்கிற கதை.

முக்கிய வேலை இனிமேல்தான். தேங்காய் மூடியில் கீற்றுப் போடுவது தெரியும் அல்லவா? கத்தியால் இரண்டு கோடு கீறி, நுனியை உள்ளே விட்டு நெம்பினால் நீளமாக ஒரு கீற்று வரும். ஸ்டார் காரில் நடந்தது ஏறக்குறைய இதேதான். ஓடு இருக்க வேண்டிய இடத்தில் பஞ்செலும்பு, பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் கெட்டிச் சுவர். தண்டில் நெடுக்குவாட்டில் ஒரு விரல் அகல இடைவெளியில் இரண்டு காடி எடுக்க வேண்டும். கதவுப் பலகைக்கு ஆசாரிமார் எடுக்கிற அதே காடி. அவை பஞ்சுப்பகுதியைத் தொடும்வரை இறங்கவேண்டும். பின் இடையில் இருக்கும் கீற்றைப் பெயர்க்கவேண்டும்.

காடியின் முதல் மில்லிமீட்டர்தான் மோசம். கொம்பின் மேற்பரப்பில் வரிப்பள்ளமும் முத்துமுத்தான பருக்களும் இருக்கும், உளி அவற்றில் ஏறி இறங்கிப் பக்கவாட்டில் ஓடும். பழைய தண்டுகளில் காடிக்கு அருகே தப்பிப்போன கீறல்கள் தெரிவது இதனால். முதலில் அந்தப் பட்டையை மட்டும் கல் விளிம்பால் சுரண்டிச் சமன் செய்துகொண்டு, மெலிதாகப் பலமுறை ஒரே தடத்தில் இழுத்தால் தடம் விழுந்துவிடும். தடம் விழுந்தபின் உளி தானே அதில் உட்காரும். தள்ளுவதைவிடத் தன்பக்கம் இழுப்பதில் கட்டுப்பாடு அதிகம். உளியை மிகச் செங்குத்தாகப் பிடித்தால் அது துள்ளித்துள்ளிக் காடியின் அடியில் படிக்கட்டு போல அலைகள் விழும். விழுந்தபின் ஒவ்வொரு இழுப்பிலும் அதே இடத்தில் துள்ளும். கோணத்தை மாற்றி, எதிர்த்திசையில் இழுத்தால்தான் அது அழியும்.

ஆழமாகப் போகப்போக உளியின் பக்கங்கள் சுவரில் உரசி மாட்டும். ஆகவே மேலே வாய் அகலமாக, கீழே குறுகலாக, ஆங்கில எழுத்து ‘வி’ (V) வடிவத்தில் காடி அமைகிறது. இரு காடிகளுக்கும் சேர்த்து நல்ல சுவர் கொஞ்சம் தூளாகவே போகும். இரண்டாவது கீற்றுக்கு இரண்டு புதிய காடி தேவையில்லை. முதல் கீற்றின் ஓரமே ஒரு காடி, இன்னொன்று எடுத்தால் போதும். இன்னொரு லாபமும் உண்டு: முதல் கீற்று போனபின் பக்கவாட்டில் இடம் கிடைக்கும், ஆப்பைச் சரியான கோணத்தில் விடலாம். தேங்காயிலும் முதல் கீற்று உடைந்துதானே வரும்?

காடி எங்கே போகவேண்டும் என்பதைக் கொம்புதான் முடிவு செய்கிறது. நார் தண்டு நெடுகிலும் ஓடுகிறது. தண்டு வளைந்தால் நாரும் வளையும். நேரான முனை வேண்டுமென்று வளைவைக் குறுக்கே வெட்டி நேர்க்கோட்டில் கீறினால், கீற்றின் ஓரிடத்தில் நார் விளிம்பை விட்டு வெளியே ஓடிவிடும். பெயர்க்கும்போதோ முதல் வீச்சிலோ அங்கேதான் ஒடியும். வளைவோடு போய்விட்டு, பிறகு ஈரமாக இருக்கும்போது நேரான குச்சியோடு சேர்த்து இறுகக் கட்டி நிழலில் காயவிட்டால் பெரும்பகுதி நிமிர்ந்துவிடும்.

பெயர்ப்பதில்தான் அதிகம் கெடுகிறது. இரு நுனிகளிலும் காடிகள் ஒன்றையொன்று நெருங்கிச் சந்திக்க வேண்டும், அல்லது குறுக்கே ஒரு வெட்டு விழுந்து கீற்றை விடுவிக்க வேண்டும். நடுவில் பஞ்சுவரை இறங்கிவிட்டு நுனியில் சோம்பல்பட்டால், அங்கே சுவர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். நெம்பியதும் கீற்று பாதியில் ‘மடக்’கென்று போகும். சோதிக்க ஒரு வழி: காடியின் அடியைக் கூர்மையான குச்சியால் நெடுகத் தடவினால், பஞ்சு வந்த இடத்தில் சொரசொரவென்று நெருடும், சுவர் மிஞ்சிய இடத்தில் வழுக்கும். வழுக்கும் இடமெல்லாம் இன்னும் கீறவேண்டிய இடம்.

ஆப்பு ஒன்று போதாது. கொம்பின் கிளைநுனியைச் சீவினால் நல்ல ஆப்பு. கெட்டி மரமும் ஆகும். காடி நெடுகச் சிறு இடைவெளியில் மூன்று நான்கு ஆப்புகளை நிறுத்தி, ஒவ்வொன்றையும் மெதுவாக ஒரு தட்டு, திரும்ப முதலிலிருந்து ஒரு தட்டு என்று போகவேண்டும். ஒரே இடத்தில் பலமாக நெம்பினால் அந்த இடம் மட்டும் எழும்பும், மற்றது எழும்பாது. ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும். காடி எடுக்கவே சில மணி நேரம் ஆகியிருக்கும், அதற்குள் மேற்பரப்பு உலர்ந்திருக்கும். பெயர்க்கும்முன் ஓரிரவு மறுபடி ஊறப்போட்டால் கீற்று வளைந்துகொடுத்து வரும்.

கீற்று கைக்கு வந்தபின் பாதி வேலை முடிந்தமாதிரி. உள்பக்கம் ஒட்டியிருக்கும் பஞ்சைக் கல் விளிம்பால் சுரண்ட வேண்டும். முழுதாகப் போக்கினால் முனை மெலிந்துவிடும் என்றால் கொஞ்சம் விட்டுவிடலாம். பழைய முனைகள் பலவற்றின் உள்பக்கத்தில் அந்தத் துளைத்தடம் இன்றும் தெரிகிறது. கூர்நுனி மட்டும் முழுக்கக் கெட்டிச் சுவரில் அமையவேண்டும். நுனியில் பஞ்சு வந்தால் முதல் குத்தில் நசுங்கும்.

முட்களை வெட்டுவது நுணுக்கமான வேலை, ஆனால் கடினமானதல்ல. விளிம்பில் முதலில் அடிப்பக்கம் நோக்கிச் சாய்ந்த ஒரு வெட்டு, அதைச் சந்திக்க எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று. நடுவில் சிறு முக்கோணம் தெறித்து ஒரு முள் நிற்கும். ஸ்டார் காரில் சிலவற்றில் நெருக்கமான சிறு பற்கள், சிலவற்றில் தள்ளித்தள்ளிப் பெரிய முட்கள். ஆழமாக வெட்டினால் முள் நன்றாக மாட்டும், ஆனால் அந்த இடத்தில் தண்டு மெலியும். உடைந்த முனைகளில் முறிவு எங்கே நேர்ந்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் முள்ளின் அடியிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.

இவற்றை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற வாதம் நீண்டகாலம் ஓடியது. மீன்குத்தும் ஈட்டி போலத் தெரிந்தாலும், கிளார்க்கின் அகழாய்வில் மீன்முள் கிடைக்கவில்லை. பிற்கால அகழாய்வில் மண்ணை நுணுக்கமாகச் சலித்தபோது பைக், பெர்ச் என்ற நன்னீர் மீன்களின் எலும்புகள் கிடைத்தன. மீனுக்கு மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. முள்முனை மானுக்கும் போதுமானது.

அதே இடத்தில் கிளார்க் கண்டெடுத்த 21 மண்டைக்கவசங்களும் இந்தக் கதையில் வருகின்றன. செம்மான் மண்டையின் மேற்பகுதியைக் கொம்போடு வெட்டி, உள்ளே வழவழப்பாக்கி, துளையிட்டுத் தலையில் கட்டுமாறு செய்தவை. அவற்றின் கொம்புகளைப் பார்த்தால் பெரும்பகுதி நீக்கப்பட்டிருக்கிறது. தலையில் பாரம் குறைய வேண்டும் என்பது ஒன்று. நீக்கிய சுவரில் முள்முனைக்கான கீற்று கிடைக்கும் என்பது இன்னொன்று.

இந்தக் காடிமுறைதான் தொடக்கம் முதல் இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆரிக்னேசியன் காலத்தவர் பனிமான் (ரெயின்டீர்) கொம்பைக் காடி எடுக்காமல் ஆப்பு வைத்து நெடுகப் பிளந்தார்கள். விறகு பிளப்பது போல. வேகம் அதிகம், ஆனால் பிளவு எங்கே போகும் என்பது கொம்பின் விருப்பம். காடி எடுப்பது மெதுவானது. பதிலாக, எந்த அகலத்தில் எந்த நீளத்தில் வேண்டுமோ அந்தக் கீற்று கிடைக்கும். பனியுகத்தின் கடைசிக் கட்டத்தில் வாழ்ந்த பிரான்சின் மக்தலேனியன் வேட்டையர் பனிமான் கொம்பில் இதைத் தேர்ந்த கலையாக்கினார்கள். இலங்கையின் ஈரக்காட்டுக் குகையான பாஹியன்கலவில் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே எலும்புமுனைகள் செய்திருக்கிறார்கள். அங்கே கச்சாப்பொருள் பெரும்பாலும் குரங்கெலும்பு. மெல்லிய எலும்பைக் கூராக்கினாலே முனையாகிவிடும், காடிக்குத் தேவையே வராது.

ஸ்டார் காரின் கரிச்சேறு பதினோராயிரம் ஆண்டு இவற்றைக் காப்பாற்றியது. அண்மைக்கால வடிகால்களால் நீர்மட்டம் இறங்கி, சேற்றில் காற்றுப் புகுந்து, கந்தக அமிலம் உண்டாகிவிட்டது. இந்த நூற்றாண்டில் தோண்டியபோது சில எலும்புகள் தாதுவெல்லாம் கரைந்து ஜெல்லி போல வந்தன. வினிகரில் போட்ட கோழி எலும்பேதான்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: மிளாக் கொம்பையோ புள்ளிமான் கொம்பையோ காட்டில் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். உதிர்ந்ததானாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கறிக்கடையில் மாட்டுக் கால் எலும்பு வாங்குங்கள். இரண்டு முனைக் குமிழ்களையும் அறுத்து, மஜ்ஜையைக் குச்சியால் தள்ளி எடுத்து, தண்ணீரை நாள்தோறும் மாற்றி ஒரு வாரம் ஊறவையுங்கள். மாற்றாவிட்டால் அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் தட்டுவார்கள். நடுவில் பஞ்சு இருக்காது, காடி நேராக உட்குழிக்குள் திறக்கும், ஆகவே ஆழம் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் மான்கொம்பின் வளைந்துகொடுக்கும் குணம் இதில் கிடையாது. ஈரமாகவே வேலை செய்யுங்கள், எலும்புத்தூள் மூச்சில் போகக்கூடாது. ஆப்பைத் தட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முதல் கீற்று உடையும். இரண்டாவதிலிருந்து முனை செய்யுங்கள்.